ஐம்பதிலும் வளையும்!



சில மாதங்களுக்கு முன் கூலாய்ப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. தாரை வார்க்கும் நேரம் வந்தது. "அப்பா அம்மா ரெண்டு பேரும் மணையில உட்காருங்க" என்றார் ஐயர். அம்மா உட்கார்ந்துவிட்டார். அப்பாவால் முடியவில்லை. பாதி குனிந்தார், இடுப்பு அதற்கு மேல் இறங்கவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தும் பயனில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். மகள் மணையில், தகப்பன் நாற்காலியில் என்று தாரை வார்ப்பு நடந்தது.

கூட்டத்தில் இளவட்டங்கள் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இருபது கிலோ குலையை நாள் முழுக்கத் தூக்கி வண்டியில் போடுகிற மனிதர் அவர். பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சொந்த மகள் கல்யாணத்தில் தரையில் உட்கார அந்தப் பலம் உதவவில்லை. அவர் முகம் தொங்கிப் போனதைப் பார்த்தேன். இந்த மாதம் இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஏனென்றால், நாற்பத்தொன்பது வயதில் நானும் அதே நிலையில்தான் இருந்தேன். தோட்டத்துக் கிளினிக்கில் டிரசராக எத்தனையோ பேருடைய இடுப்பு வலிக்கு மருந்து கொடுத்தவன், என் காலுறையைப் போட நாற்காலியைத் தேடினேன். இன்று நான் இரண்டு காலையும் முன்னும் பின்னுமாக நீட்டித் தரையோடு தரையாக உட்காருகிறேன். சர்க்கஸ்காரர்களும் நாட்டியப் பெண்களும் செய்வார்களே, 'ஸ்பிளிட்' என்று பிள்ளைகள் சொல்லுவார்களே, அதுதான். "டிரசர் ஐயா கதை விடுறாரு" என்று சொல்ல வேண்டாம். ஒரே நாளில் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. எப்படி வந்தது, ஏன் வர வேண்டும் என்பதைச் சொல்லுகிறேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். பிள்ளை வளர்ப்புக்கு அது நல்ல பழமொழி. ஆனால் உடம்பின் விஷயத்தில் அதை நம்பி நாம் நஷ்டப்பட்டது போதும். "வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்" என்று நாற்பது வயதிலேயே கையைக் கழுவிவிடுகிறோம். நான் சொல்லுவது இதுதான்: ஐம்பதிலும் வளையும். மெதுவாக வளையும், அவசரப்படுத்தினால் ஒடியும். ஆனால் வளையும்.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மாடா உழைக்கிறோம். அதுக்கு மேல என்னங்க உடற்பயிற்சி?"

வேலை வேறு, பயிற்சி வேறு. இதை நன்றாக மனத்தில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும். வேலை என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. பழம் வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்து, நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுக்கிறார். கழுத்தும் தோளும் முதுகும் இறுகுகின்றன. உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மா இடுப்பிலிருந்து குனிந்தே நிற்கிறார். பால் வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நானூறு ஐந்நூறு மரத்துக்கு அதையே செய்கிறார். லாரி ஓட்டுகிறவருக்கும், தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் இடுப்பு மடங்கியே கிடக்கிறது. இதில் எந்த வேலையாவது தொடையை முழுசாக நீட்ட வைக்கிறதா? இடுப்பு மூட்டை அதன் முழு வட்டத்துக்கும் சுற்ற வைக்கிறதா? இல்லை. பயன்படுத்தாத வாசற்கதவின் கீல் என்ன ஆகுமோ அதுதான் நம் இடுப்புக்கும் ஆகிறது.

இது என் சொந்த சரக்கு அல்ல. வேலையில் உடம்பை வருத்துவதும், ஓய்வு நேரத்தில் விரும்பி உடம்பை அசைப்பதும் ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். ஓய்வு நேர அசைவு ஆயுளைக் கூட்டுகிறது. ஓய்வில்லாமல் பாரம் தூக்குகிற வேலை, முக்கியமாக ஆண்களுக்கு, அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. குறைக்கவும் கூடும் என்று 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். உழைப்பாளியின் உடம்பு முதலாளிக்காக அசைகிறது. தனக்காக அசைவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

சரி, அதற்கு எதற்கு ஸ்பிளிட்? இரண்டு கையைத் தூக்கி இறக்கினால் போதாதா?

காரணம் சொல்லுகிறேன். முதலாவது, இதற்குக் காசு வேண்டாம்; ஒரு பாயும் ஆறு செங்கல்லும் போதும். இரண்டாவது, இதில் பொய் சொல்ல முடியாது. தரைக்கும் நமக்கும் எத்தனை அங்குலம் என்று அடிக்கோல் வைத்து அளந்துவிடலாம். போன மாதம் பத்து, இந்த மாதம் ஒன்பது என்று கண்ணால் பார்க்கிறபோது மனிதனுக்கு ஒரு உற்சாகம் வருகிறது. மூன்றாவது, இதற்குப் பயிற்சி எடுக்கிறபோதே தொடையின் பின்சதை, முன்சதை, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து இளகுகின்றன. தரையைத் தொடாவிட்டாலும் போகிற வழியிலேயே பலன் கிடைத்துவிடும். மணையில் உட்காரலாம், குனிந்து செருப்பு மாட்டலாம், பேரப்பிள்ளையோடு தரையில் விளையாடலாம்.

பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறார்கள். கை, முழங்கால் ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைச் சோதித்து, பிறகு சில ஆண்டுகள் கவனித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் சாவு தள்ளிப் போகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பில் பலமும் நெளிவும் சமநிலையும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டுகிறது. நம் பாட்டிமார் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்த காரியத்தை உலகம் இப்போது சோதனையாக வைத்து மதிப்பெண் போடுகிறது! நாமோ கோயில் அன்னதானத்துக்குக்கூட நாற்காலி கேட்கிறோம்.

"இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு, யோகா கிளாசு, ஒரு மாசத்துக்கு நூறு நூத்தைம்பது வெள்ளி" என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும்.

1913-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையிலிருந்து குப்புசாமி என்ற இளம் மருத்துவர் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு ஜோகூர் பாருவில் மருத்துவம் செய்தார். கூலாயிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேஷில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர். யோகாசனத்தை உலகமெங்கும் கொண்டு போன பலருக்கு அவர் குரு. அவர் இங்கே நாடி பிடித்துப் பார்த்தது யார் கையை? நம் பாட்டன் பூட்டன் கையை. ஆகவே யோகம் நமக்கு அந்நியச் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அதற்கும் முன்னே போகலாம். சிதம்பரம் கோயில் கோபுரங்களில் நாட்டியத்தின் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திருவாலங்காட்டு இறைவன் காளியை வெல்லக் காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம் நாம் எல்லாரும் கேட்ட கதை. ஒரு கால் தரையில், மறு கால் வானத்தை நோக்கி. நின்றபடி செய்கிற ஸ்பிளிட்தான் அது! தரையில் செய்வதற்கு யோகத்தில் அனுமானாசனம் என்று பெயர். இலங்கைக்குத் தாவிய அனுமாரின் தாவலை நினைத்து வைத்த பெயர். கும்பிடுகிற சாமியெல்லாம் காலை நீட்டுகிறது. கும்பிடுகிற நாம் மட்டும் விறைத்துப் போய் நிற்கிறோம்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். எலும்போடு எலும்பைச் சேர்த்து அசைக்கிற தசைக்குள் ஒரு காவற்காரன் உண்டு. தசையைத் திடீரென்று இழுத்தால், "கிழியப் போகுது" என்று அவன் அலாரம் அடிக்கிறான். தசை உடனே சுருங்கி எதிர்த்து நிற்கிறது. குதித்துக் குதித்து அமுக்குகிறவர்களுக்கு எப்போதும் இது வராததற்குக் காரணம் அதுதான். மெதுவாக நீட்டி, அந்த இடத்திலேயே நிறுத்தி, மூச்சை விட்டுக்கொண்டு இருந்தால் அலாரம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

முன்பெல்லாம் பயிற்சியால் தசை ரப்பர் மாதிரி நீண்டுவிடுகிறது என்று நினைத்தார்கள். முதல் சில வாரங்களில் நமக்குக் கிடைக்கிற பலன் பெரும்பாலும் அப்படி அல்ல என்று இப்போது தெரிகிறது. தசையின் நீளம் அதிகம் மாறுவதில்லை. நீட்டலைப் பொறுத்துக் கொள்ள நரம்பு பழகிக் கொள்கிறது. அதாவது காவற்காரனுக்கு நம்மீது நம்பிக்கை வருகிறது. நம்பிக்கை ஒரு நாளில் வருமா? தினமும் போய் முகத்தைக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முக்குவதைவிட, தினம் பத்து நிமிடம் செய்வது மேல் என்று சொல்லுவதன் இரகசியம் இதுதான்.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தொடைப் பின்சதை இறுகியவர்களை ஆறு வாரம் நீட்ட வைத்துப் பார்த்தார்கள். 15 விநாடி போதவில்லை. 30 விநாடி நல்ல பலன் தந்தது. 60 விநாடி நிறுத்தியவர்களுக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் இளவயதுக்காரர்கள். வயதானவர்களுக்கு 30 முதல் 60 விநாடி வரை நல்லது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி சொல்லுகிறது. நம் கணக்குக்கு, மெதுவாக ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணினால் போதும்.

நான் ஆரம்பித்தபோது தரைக்கும் எனக்கும் பதினாறு அங்குலம் இருந்தது. நாட்டியம் பழகிய என் மகள்தான் அளந்தாள். "அப்பா, நீங்க நிக்கிறீங்களா உட்காருறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று செங்கல்லை அடுக்கி, மேலே துணி சுற்றி, அதில் கையை ஊன்றிக் கொண்டேன். உடம்பின் பாரம் கையில்; கால் மட்டும் முன்னும் பின்னும். இரண்டு மாதத்தில் பதின்மூன்று அங்குலம். மூன்றாம் மாதம் தீபாவளி வந்தது. அண்ணன் பிள்ளைகள் முன்னால் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பயிற்சி ஒன்றும் இல்லாமல் சட்டென்று இறங்கினேன். தொடைக்குப் பின்னால் 'சுளீர்' என்றது. ஆறு வாரம் நொண்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. வாசலில் வழுக்கிவிட்டது என்று பொய் சொன்னேன். டிரசருக்கே இந்தக் கதி!

என்னைவிடப் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1918-இல் பிறந்தவர். 1930-களில், வாலிப வயதில், மைசூரில் தம் அக்கா கணவரும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றார். ஒரு நாள் வந்திருந்த பெரிய மனிதர் முன்னால் அனுமானாசனம் செய்து காட்டு என்று குரு சொல்லிவிட்டார். இவருக்கு அது தெரியாது. குரு வார்த்தையைத் தட்ட முடியாமல் செய்தார். தொடைப் பின்சதை கிழிந்து ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்டதாக ஐயங்காரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பிற்காலத்தில் மரக்கட்டை, கயிறு, நாற்காலி, தலையணை என்று முட்டுக் கொடுத்து ஆசனம் சொல்லிக் கொடுத்ததற்கு உலகமே அவரை நினைவு வைத்திருக்கிறது. வலி தெரிந்தவருக்குத்தான் அடுத்தவர் வலி தெரியும். என் செங்கல்லும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே முதல் சட்டம்: யாரும் உங்கள் தோளை அமுக்க விடாதீர்கள். மாஸ்டர் ஆனாலும் சரி, மச்சான் ஆனாலும் சரி. உங்கள் உடம்பின் எல்லை உங்களுக்குத்தான் தெரியும்.

குணமான பிறகு மீண்டும் ஆரம்பித்தேன். வருஷம் ஒன்று முடிந்தபோது ஏழு அங்குலம். செங்கல் இரண்டாகக் குறைந்தது. இரண்டாம் வருஷக் கடைசியில் மூன்று. அப்புறம் சில மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இடது கால் முன்னால். அடியில் பாய் தட்டுப்பட்டது. மகளைக் கூப்பிட்டேன். அவள் அடிக்கோலைக் கொண்டு வந்தாள். வைக்க இடமில்லை. வலது காலை முன்னால் நீட்டினால் இன்னும் மூன்று விரல் இடைவெளி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு காலையும் பக்கவாட்டில் விரிக்கிற ஸ்பிளிட் எனக்கு வரவில்லை, வரப் போவதும் இல்லை. இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி. சிலருக்குக் கிண்ணம் ஆழம், சிலருக்கு எலும்பின் கோணம் வேறு. தசையை இளக்கலாம், எலும்பை இளக்க முடியாது. எலும்போடு எலும்பு முட்டுகிறது என்று தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அது தோல்வி அல்ல.

இனி செய்முறை. வேலை முடிந்து, குளித்து, உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். விடியற்காலைக் குளிரில் வேண்டாம். முதலில் ஐந்து நிமிடம் நடை, அல்லது இருந்த இடத்தில் காலை மடக்கி நீட்டுங்கள். பிறகு நான்கு காரியம்.

ஒன்று: குந்தி உட்காருங்கள். குதிகால் தரையில் படாவிட்டால் கீழே ஒரு பலகை வையுங்கள். தூணைப் பிடித்துக் கொள்ளலாம். நாற்பது எண்ணுங்கள்.

இரண்டு: ஒரு முழங்காலைத் தலையணையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து, இடுப்பை மெதுவாக முன்னே தள்ளுங்கள். பின்னால் இருக்கிற தொடையின் முன்பக்கம் இழுக்கும். நாற்காலியிலும் லாரியிலும் உட்கார்ந்தே சுருங்கிப் போனது இந்த இடம்தான்.

மூன்று: அதே நிலையில் முன்காலை நீட்டி, குதிகாலை ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். முன்தொடையின் பின்பக்கம் இழுக்கும்.

நான்கு: இரு பக்கமும் செங்கல்லில் கை ஊன்றி, முன்காலை முன்னே, பின்காலைப் பின்னே நகர்த்துங்கள். இழுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். வாயால் சிரித்துப் பேச முடிகிற அளவுதான் இழுப்பு இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அதிகம் என்று அர்த்தம். எழும்போது கையை ஊன்றி மெதுவாக எழுங்கள்.

ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தடவை. மொத்தம் பத்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

யார் செய்யக் கூடாது? இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை செய்தவர்கள், இடுப்பிலிருந்து கால் விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி ஓடுகிறவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் ஆழமாக நீட்டக் கூடாது. அந்தக் காலத்தில் மூட்டுகள் தாமாகவே தளர்ந்திருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் கண்ணாடியில் பாதத்தைப் பார்த்துக் கொண்டு செய்ய வேண்டும். மூட்டுக்குள் குத்துகிற வலி வந்தால் யாராக இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

தோழியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைங்க காலை அகட்டி உட்காரக் கூடாது" என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். நாற்பது வயதில் அம்மா பாயைப் போட்டுக் காலை நீட்டினால், "இந்த வயசுல என்ன கூத்து?" என்று வீட்டிலேயே சிரிப்பு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோயம்புத்தூரில் நானம்மாள் என்ற பாட்டி விவசாயக் குடும்பத்துப் பெண். கடைசி வரை யோகாசனம் செய்தும் சொல்லிக் கொடுத்தும் வந்தார். 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2019-இல் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். அவரைப் பார்த்து யார் சிரித்தார்கள்? கதவைச் சாத்திக் கொண்டு, கைலியோ பேண்டோ போட்டுக் கொண்டு பத்து நிமிடம் செய்யுங்கள் அம்மா. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆம்பளைகள் சோறு வடிக்கட்டும். ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாகச் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது. காலைப் பெரட்டில் ஐந்து நிமிடம் எல்லாரையும் கையைக் காலை ஆட்ட வைத்துவிட்டு, "தொழிலாளர் நலம் பேணுகிறோம்" என்று நிர்வாகங்கள் படம் பிடித்துப் போட்டுக் கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தசையை நீட்டுவதால் உடற்பயிற்சிக்குப் பிந்திய தசை வலியே மிகக் கொஞ்சம்தான் குறைகிறது என்று 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். குலையின் பாரத்தை அது குறைக்காது. அதற்கு வேண்டியது நல்ல கைவண்டி, பள்ளம் மேடு இல்லாத பாதை, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' மாதிரியான மோட்டார் அரிவாள், கூடுதல் ஆள். வேலையில் அடிபட்டால் அதை மறைக்காமல் சொக்சோவில் பதிய வேண்டும். உடற்பயிற்சி என்ற பேரைச் சொல்லி இதையெல்லாம் தட்டிக் கழிக்க யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. இடுப்பு விறைத்துப் போனது தொழிலாளியின் சோம்பலால் அல்ல; அவன் செய்த வேலையால்.

ஆனால் உரிமையைக் கேட்கிற நாமும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேரம் சட்டப்படி 45 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரம்! நேரம் குறைய வேண்டும் என்று தொழிலாளர் இயக்கம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தது. கிடைத்த அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறது? கைத்தொலைபேசிக்கும், கடை வாசலுக்கும் போகிறதென்றால் கேட்டவர்கள் மனம் என்ன பாடுபடும்? தினம் பத்து நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் ஒரு மணி நேரம். மூன்றில் ஒரு பங்கை உங்கள் உடம்புக்குக் கொடுங்கள். அதற்கு மண்டோரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.

கூலாயைச் சுற்றி நாம் பார்த்த காட்சிகள் மாறிவிட்டன. செடெனாக் பக்கம் கணினிகளுக்காகப் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிவிட்டன. பால்மரமும் செம்பனையும் நின்ற இடமெல்லாம் இன்று தாமான். நாளைக்கு நம் லயம் இருக்குமா, தோட்டம் இருக்குமா என்று சொல்ல முடியாது. வேலை ஓய்வு வயது அறுபது. அதற்குப் பிறகு நம்மோடு கூட வருவது இந்த உடம்பு ஒன்றுதான். அறுபதுக்கு மேல் பதினைந்து இருபது வருஷம் அதை வைத்து வாழ வேண்டும். நாற்காலியில் ஒட்டிக் கொண்டு வாழ்வதா, இல்லை நினைத்த இடத்தில் உட்கார்ந்து எழுந்து வாழ்வதா? அதை இப்போதே தீர்மானிக்கலாம்.

அந்தக் கல்யாணத்து அப்பாவைப் பந்தி முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினேன். "அண்ணே, இன்னும் ரெண்டாவது மக இருக்குல்ல?" என்று கேட்டேன். "ஆமாங்க, அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்றார். "அது போதும்" என்றேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். குந்தி உட்கார்ந்தால் குதிகால் இப்போது தரையில் படுகிறதாம். செங்கல் எத்தனை வைக்க வேண்டும் என்று கேட்டார்.

மூன்று மூன்றாக அடுக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லுகிறேன்.